திருப்பூர்: ஜாப் ஒர்க் வருமானம், முதல் வீடு, 12 லட்சம் கடன். எங்கே கேட்பது?

செல்வி, பெருமாநல்லூர்

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருப்பூரிலேயே தங்கிவிட்டவர்கள். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக மாதம் 14,500 ரூபாய் பேங்க் கணக்கில் ஏறுகிறது. அவர் சின்ன ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு ஓவர்லாக், ஒரு ஃபிளாட்லாக் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தைக்கிறார். சனிக்கிழமை ஆனால் கையில் காசு. வேலை இருக்கிற வாரம் செலவு போக ஆறாயிரம், ஏழாயிரம் நிற்கும். ஆர்டர் இல்லாத மாதத்தில் அதில் பாதிகூட வராது. எந்தக் கம்பெனி, எத்தனை பீஸ், என்ன ரேட், எவ்வளவு பாக்கி என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டைத் தவிர அவர் வருமானத்துக்கு எங்களிடம் வேறு அத்தாட்சி கிடையாது.

இத்தனை வருடமும் லைன் வீடுதான். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் ஒன்பதாவது படிக்கிறாள். தண்ணீர் பிடிக்கும் இடமும் பாத்ரூமும் ஆறு குடும்பத்துக்குப் பொது. வயது வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு இதற்கு மேல் அங்கே இருக்க எனக்கு மனசு இல்லை.

இங்கே இரண்டு சென்ட் இடத்தில் ஒரு தார்சு வீடு விலைக்கு வருகிறது. 520 சதுர அடி, 2009-இல் கட்டியது. 16 லட்சம் சொல்கிறார்கள். சீட்டு எடுத்ததும் சேமிப்புமாகக் கையில் 4 லட்சம் இருக்கிறது. கொஞ்சம் நகையும் உண்டு. 12 லட்சம் கடன் கிடைத்தால் வாங்கிவிடலாம்.

என் சம்பளக் கணக்கு இருக்கும் பேங்கில் போய்க் கேட்டோம். "ஐ.டி. ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) மூன்று வருடம் இருக்கா?" என்றார்கள். இல்லை என்றதும் அதற்கு மேல் பேசவே இல்லை. அவருக்கு சிபில் (கடன் வரலாற்று மதிப்பெண்) பார்த்ததில் மைனஸ் ஒன்று என்று வந்திருக்கிறது. என் பெயரில் இரண்டு மகளிர் குழுக் கடன் ஓடுகிறது. இரண்டும் சேர்த்து மாதம் 4,800 தவணை, தவறாமல் கட்டுகிறேன். இன்னும் 38,000 பாக்கி.

வீட்டு புரோக்கர் இன்னொன்று சொல்கிறார். பத்திரத்தில் 9.80 லட்சம் மட்டும் காட்டி என் பெயரில் பதிந்தால் செலவு குறையுமாம், மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடலாமாம். கடனும் அவரே ஏற்பாடு செய்து தருகிறாராம், அதற்கு 25,000 ரூபாய் கேட்கிறார்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கடன் கொடுக்கும் இடம் இங்கே எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முருகன், பழக்கடை, பல்லடம்

அக்கா, கவலைப்படாதீங்க, கிடைக்கும். நான் தள்ளுவண்டியில் பழம் விற்கிறவன். எனக்கே ஒரு தனியார் வீட்டுக்கடன் கம்பெனியில் கொடுத்தார்கள். அங்கிருந்து வந்த பையன் சாயங்காலம் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் யார் வருகிறார்கள், எவ்வளவுக்கு வாங்குகிறார்கள் என்று கடை கட்டும்வரை குறித்துக்கொண்டே இருந்தார். மண்டியில் சரக்கு எடுத்த சிட்டை, ஜி-பேயில் வந்த காசு, வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் கேட்டார். பக்கத்து டீக்கடைக்காரரிடமும் விசாரித்தார். ஐ.டி. ரிட்டர்ன் பேச்சே எடுக்கவில்லை. வட்டி மட்டும் 15 சதவீதம். அதிகம்தான். ஆனால் எனக்கு வேறு யாரும் கொடுக்கவில்லையே.

சுப்பு, சென்னிமலை (வங்கிப் பணி ஓய்வு)

செல்வி அம்மா, வங்கியில் கடன் பிரிவிலேயே பெரும்பாலான காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முருகன் தம்பி சொல்வது பொய்யில்லை. அப்படிப்பட்ட நிறுவனங்கள் இருப்பதால்தான் பல பேர் சொந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆனாலும் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் அது இல்லை. உங்களுக்கு பி.எஃப். சம்பளம் இருக்கிறது, அவருக்கு நோட்டு இருக்கிறது. அந்த நோட்டை வங்கி படிக்கிற பாஷைக்கு மாற்றிவிட்டால் அதைவிட வெகு குறைவான வட்டியிலேயே கடன் வாங்கலாம்.

கணக்கைப் பாருங்கள். 12 லட்சத்தை 20 வருடத்துக்கு 8.5 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 10,400. அதே கடன் 14 சதவீதம் என்றால் 14,900. மாதம் நாலாயிரத்து ஐந்நூறு வித்தியாசம். 20 வருடம் முழுக்கக் கட்டினால் 10 லட்சத்து 80 ஆயிரம் கூடுதலாகப் போகும். உங்கள் பெண்கள் இருவரும் காலேஜ் படித்து முடிக்கிற காசு அம்மா அது. ஒரு ஆறு மாதம், எட்டு மாதம் பொறுத்து நல்ல இடத்தில் வாங்குவதற்கு அதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

முதலில் குழுக் கடன். தவறாமல் கட்டினால் போதும் என்று எல்லோரும் நினைப்பார்கள். வங்கி அப்படிப் பார்க்காது. வருமானத்தில் பாதி வரைக்கும்தான் எல்லாத் தவணையும் சேர்த்து இருக்கலாம் என்று பொதுவாக ஒரு அளவு வைத்திருப்பார்கள். உங்கள் சம்பளம் ஒன்றையே எடுத்துக்கொண்டால் பாதி 7,250. அதில் 4,800 குழுவுக்குப் போனால் மிச்சம் 2,450. அந்தத் தவணைக்கு மூன்று லட்சம்கூடக் கடன் வராது. குழுக் கடனை அடைத்துவிட்டால், அதே சம்பளத்துக்கு எட்டேகால் லட்சம் வரும். 38,000 ரூபாயில் இவ்வளவு மாறும். குழுக் கடன் போன்ற நுண்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. சேமிப்பிலிருந்து எடுத்து அடையுங்கள். "பாக்கி இல்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். கடன் முடிந்த விவரம் சிபிலில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகு வங்கிக்குப் போங்கள். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக எடுக்கலாம்.

அவருடைய மைனஸ் ஒன்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதுவரை கடன் வாங்கியதில்லை என்று அதற்கு அர்த்தம். கடன் வரலாறு இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதே வருடம் ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சகமும் அதைச் சொன்னது. யாராவது வாய்வழியாகத் திருப்பி அனுப்பினால், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாயால் "இல்லை" சொல்வது சுலபம். காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவதென்றால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இதையும் மனசில் வைத்துக்கொண்டு போங்கள்: உங்களுடையது போன்ற சிறிய வீட்டுக்கடன், வங்கிகளுக்கு முன்னுரிமைத் துறைக் கடன் கணக்கில் சேரும். மொத்தக் கடனில் 40 சதவீதம் அந்த வகையில் கொடுத்தாக வேண்டும் என்பது அவர்களுக்கு இலக்கு. நீங்கள் போய் நிற்பது யாசகம் கேட்டு இல்லை.

இப்போது அந்த நோட்டு. இனிமேல் வரும் ஜாப் ஒர்க் பணத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். "நாங்க ரொக்கம்தான் தருவோம்" என்று சொல்லும் கம்பெனியும் இருக்கும். அப்படி என்றால் சனிக்கிழமை வாங்கியதைத் திங்கட்கிழமை அவர் கணக்கில் கட்டட்டும், வீட்டுச் செலவுக்கு அங்கிருந்து எடுக்கட்டும். வாரா வாரம் ஆறாயிரம், ஏழாயிரம் என்று வந்து விழும் பாஸ்புக்கை எந்த அதிகாரியும் தள்ளிவிட்டுப் போக மாட்டார். உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், ஆதார், பான் இருந்தால் போதும். ஷெட் வாடகை ஒப்பந்தம், ஷெட் கரண்ட் பில், மெஷின் வாங்கிய பில், சரக்கு வந்து போகும் டெலிவரி சலான் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வையுங்கள். கரண்ட் பில் முக்கியம். மெஷின் எவ்வளவு ஓடுகிறது, எந்த மாதம் வேலை குறைவு என்று அது காட்டிக்கொடுக்கும். நான் ஆய்வுக்குப் போன இடங்களில் நோட்டையும் கரண்ட் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் எனக்கு வேறு சாட்சி தேவைப்பட்டதில்லை.

எங்கே போவது? உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கே இந்த ஃபைலோடு மறுபடி போங்கள், கிளை மேலாளரையே பாருங்கள். பிறகு தமிழ்நாடு கிராம வங்கி. பல்லவன், பாண்டியன் என்று இருந்த இரண்டு கிராம வங்கிகளும் 2019-இல் ஒன்றாகி வந்தது அது, சேலம் தலைமையிடம். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியிலும் கேளுங்கள், நம்மவர்கள் பலருக்கு அங்கே வீட்டுக்கடன் உண்டு என்பதே தெரியாது. இவை எதுவும் கூடிவரவில்லை என்றால் மட்டும் வீட்டுக்கடன் நிறுவனங்கள். அதிலும் ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ், ஆப்டஸ் மாதிரி சுயதொழில்காரர்களுக்கே பெரும்பாலும் கொடுத்துப் பழகியவற்றில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

நிறுவனத்தில் வாங்குவதாக இருந்தால் ஃப்ளோட்டிங் வட்டிதானா (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) என்று கேளுங்கள். தனிநபர் வீட்டுக்கடன் ஃப்ளோட்டிங்காக இருந்தால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஒன்றிரண்டு வருடம் சுத்தமாகக் கட்டிவிட்டு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். முருகன் தம்பி, இது உங்களுக்கும்தான். 15 சதவீதத்திலேயே கடைசிவரை இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஒரு அரசு வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன் முக்கிய விவரத் தாள் என்று ஒன்று தர வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து இது கட்டாயம். உங்களுக்குப் புரிகிற மொழியில் கேட்டு வாங்குங்கள். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். கேட்காமலே ஒரு இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

இனி அந்த புரோக்கர். 25,000 கொடுக்க வேண்டாம். பிராசஸிங் கட்டணமோ லீகல் கட்டணமோ, எதுவானாலும் ரசீதோடு வங்கிக்கே கட்டுவதுதான் முறை.

9.80 லட்சம் யோசனையைக் கையால்கூடத் தொடாதீர்கள். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்பது உண்மை, 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதைக் காட்டித்தான் உங்களை இழுக்கிறார். 16 லட்சத்துக்குப் பதிந்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,44,000 ஆகும். 9.80-க்கு 8 சதவீதம் என்றால் 78,400. மிச்சம் 65,600. ஆனால் வங்கி பத்திர மதிப்பைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும். 30 லட்சத்துக்குள் உள்ள கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் என்பது விதி. 9.80-க்கு அது 8.82 லட்சம். உங்களுக்கு வேண்டிய 12 லட்சத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் துண்டு விழும். அதை எங்கே வாங்குவீர்கள்? கந்துவட்டிக்குத்தான். அதோடு, வீடு நிலம் விஷயத்தில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். விற்பவரிடம் இதைச் சொல்லுங்கள், அவரே வெள்ளையாகப் பதியச் சம்மதிப்பார்.

கையில் உள்ள 4 லட்சத்தில் குழுக் கடனுக்கு 38,000, பதிவுக்கு 1.44 லட்சம் போனால் நிற்பது இரண்டேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 16-க்கு 12 போக மீதி 4 வேண்டும். அந்த இடைவெளிக்கு முதலில் விலையைப் பேசிப் பாருங்கள். உங்கள் பி.எஃப். கணக்கிலிருந்தும் வீட்டுக்காக முன்பணம் எடுக்க வழி உண்டு. நகை அப்புறம்.

செல்வி, பெருமாநல்லூர்

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ராத்திரி அவரும் நானும் உட்கார்ந்து இரண்டு முறை படித்தோம். குழுக் கடனை இந்த மாதமே முடித்துவிடுகிறோம்.

இரண்டு சந்தேகம். ஐ.டி. ரிட்டர்ன் போட்டால் வரி கட்டச் சொல்வார்களோ என்று அவருக்குப் பயம். அப்புறம், மத்திய அரசு வட்டி மானியம் இருக்கிறது என்கிறார்களே, அது எங்களுக்குக் கிடைக்குமா? வீட்டுக்கு பஞ்சாயத்து அப்ரூவல் தாள் ஒன்று காட்டினார்கள், டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் எதுவும் இல்லை.

கவிதா, ஆடிட்டர் அலுவலகம், திருப்பூர்

அக்கா, ரிட்டர்ன் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் ஆபீஸில் இதே மாதிரி ஜாப் ஒர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். சின்னத் தொழிலுக்கு உத்தேச வருமான முறை என்று ஒன்று உண்டு. கணக்குப் புத்தகமெல்லாம் வேண்டாம். வரவில் ரொக்கமாக வந்ததற்குக் குறைந்தது 8 சதவீதமும் வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதமும் லாபம் என்று காட்டலாம். இந்த இடத்தில்தான் பலர் குறைத்துக் காட்டிவிடுகிறார்கள். உண்மையில் நிற்பது வருடம் இரண்டே முக்கால் லட்சம் என்றால் அதையே காட்டுங்கள், 8 சதவீதம் என்று முப்பதாயிரம் காட்டாதீர்கள். வங்கி நீங்கள் காட்டிய தொகையைத்தான் வருமானமாக எடுக்கும். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வரியே வராது, அண்ணனைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வருடமும் அந்தந்த ஜூலை, ஆகஸ்ட் கெடுவுக்குள் போட்டுவிடுங்கள். இரண்டு வருட ரிட்டர்னை ஒரே வாரத்தில் போட்டுக்கொண்டு போனால் கடனுக்காகப் போட்டது என்று மேலாளருக்குத் தெரிந்துவிடும்.

சுப்பு, சென்னிமலை (வங்கிப் பணி ஓய்வு)

கவிதா சொன்னதற்கு மேல் ரிட்டர்ன் பற்றி ஒன்றும் இல்லை.

மானியம் இருக்கிறது. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0, 2024 செப்டம்பர் 1-இலிருந்து கொடுத்த கடன்களுக்கு. குடும்ப வருமானம் வருடம் 9 லட்சத்துக்குள் இருக்கலாம், உங்களுக்கு நாலரை லட்சம் சொச்சம்தான் வரும். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள். கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருடத் தவணையாக உங்கள் கடன் கணக்கில் வரும். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் காரை வீடு இருக்கக் கூடாது. தேனியில் பூர்வீக வீடு உங்களில் யார் பெயருக்காவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய வீட்டை இன்னொருவரிடம் வாங்கினாலும் செல்லும், உங்கள் பெயர் பத்திரத்தில் இருப்பது நல்லது. ஆனால் நகர்ப்புறத் திட்டம் என்பதால், அந்த வீடு இருக்கும் இடம் திட்ட எல்லைக்குள் வருகிறதா என்று கடன் தரும் இடத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் வரும் என்று நம்பித் தவணைக் கணக்கு போட வேண்டாம், வந்தால் அசலில் குறையட்டும்.

உங்கள் கேள்வியிலேயே எனக்குக் கவலை தருவது அந்த பஞ்சாயத்துத் தாள்தான். வீடு கட்ட அனுமதி வேறு, மனைக்கு அங்கீகாரம் வேறு. மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததாக இருந்தால் பெரும்பாலான வங்கிகள் ஃபைலைத் திருப்பிவிடும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிந்த மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் விதி கொண்டுவந்தது. விற்பவர் அதில் ஆணை வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால் அவர் செலவில் அவர் வாங்கித் தரட்டும், அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள். பட்டா, தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம், வீட்டு வரி ரசீது எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் கிரய ஒப்பந்தத்தைப் பதிந்தே போடுங்கள், வெறும் பத்திரத்தாளில் கையெழுத்து போதாது. கிரயம் முடிக்க மூன்று மாதக் கெடு கேட்காதீர்கள், ஆறு மாதம் கேளுங்கள். சொத்துப் பத்திரத்தில் உள்ள குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் முன்பணத்தை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விற்பவரிடமிருந்து நகல்கள் கிடைத்ததும் பெயர், சர்வே எண்ணை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். வங்கி வக்கீல் என்ன கேட்பார் என்று பார்த்துச் சொல்கிறேன்.